யாரும் கேட்காத அளவு

என் அக்காவின் கணவரைப் பற்றி நான் எழுதுவது எவ்வளவு சரி என்று தெரியவில்லை. அவர் இருபத்தைந்து வருடம் சொன்ன ஒரு பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. பாதிப் பங்கு என்று எழுதப் போனேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகை. அவரே எழுதட்டும் என்று விட்டால் நடக்காது. வாழ்நாளில் அவர் எழுதியதெல்லாம் எண்கள்தான்.

அத்தான் குடிநீர் வாரியத்தில் அளவு எடுப்பவராக இருந்தார். எங்கள் மலை ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டரில் ஒரு பெரிய நீர்த்தேக்கம். அதன் உள்சுவரில் மேலிருந்து கீழ்வரை மீட்டரும் சென்டிமீட்டரும் எழுதிய இரும்புப் பலகை பதித்திருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் படி இறங்கிப் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, மேலே வந்து அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். அதையே அத்தான் கோயில் காரியம் மாதிரி செய்வார். காற்றடித்துத் தண்ணீர் ஆடுகிற நாளில் பத்து அலை போகும்வரை நின்று நடுவை எடுப்பார். ஒரு சென்டிமீட்டர் சந்தேகம் வந்தால் பாதி வழியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி போவார். அலுவலகத்தில் அவருக்கு மீட்டர்காரர் என்று பெயர். நான் அதே வாரியத்தில் எலக்ட்ரீஷியன். எனக்கு அங்கே பெயர் எதுவும் வைக்கவில்லை, அந்த அளவுக்கு யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அளவு எடுக்க ஐந்து பேர் முறை வைத்துப் போவார்கள். கிறிஸ்துமஸ் காலை மட்டும் யாருக்கும் வேண்டாம். கல்யாணமாகி முதல் வருடம், ஐந்து பேரில் இளையவர் என்று அதை அத்தான் தலையில் நிரந்தரமாகக் கட்டினார்கள். புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிற இருட்டில் ஐந்தரை மணிக்குக் கிளம்பி, அலுவலகத்தில் சாவி வாங்கி, அளவு எடுத்து, சாவியைத் திருப்பிக் கொடுத்து ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார். அக்கா அன்று கொஞ்சம் அழுதாள். அடுத்த வருடம் அழவில்லை. அவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அழுகையை விட்டுவிட்டுச் சட்டம் போட்டாள். அவர் வரும்வரை வீட்டில் யாரும் வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒரு பரிசையும் பிரிக்கக் கூடாது. ஊருக்கே தண்ணீர் வருவதற்காக ஒருத்தர் குளிரில் நிற்கும்போது நாம் மட்டும் கேக் தின்றால் தொண்டையில் இறங்குமா என்று கேட்டாள். அக்கா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அத்தான் தன் பங்குக்கு ஒரு வரி சொல்லி வைத்தார். "தண்ணிக்கு ஏது லீவு." அது வீட்டில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

ஏழு வருடம் இதெல்லாம் உண்மை. பாவம், நிஜமாகவே போனார், நிஜமாகவே நடுங்கினார்.

எட்டாவது வருடம் தானியங்கிக் கருவி வந்தது. ஒரு குழாய்க்குள் மிதவை, மிதவை ஏறி இறங்கினால் கம்பி வழியாக அலுவலகத்தில் ஒரு பேனா தாளில் கோடு போடும். குழாயைச் சுவரில் பொருத்தி, கம்பி இழுத்து, சோதித்துப் பார்த்தவன் நான். வேலைக்குச் சேர்ந்து நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம். டிசம்பர் முதல் தேதி சுற்றறிக்கையும் வந்தது. இனி விடுமுறை நாட்களில் ஆள் போய் அளவு எடுக்க வேண்டியதில்லை. அதை அறிவிப்புப் பலகையில் குத்தியதும் நானே.

அந்த மாதம் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம், வழக்கம்போல நாங்கள் எல்லோரும் அக்கா வீட்டில் இறங்கிவிட்டோம். மூன்று அறை, பதினாலு பேர், ஒரு குளியலறை. அக்கா அத்தானின் கம்பளிக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் டியூட்டிதானே?"

"ஆமா. தண்ணிக்கு ஏது லீவு."

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். அத்தான் என்னைப் பார்த்தார். கெஞ்சியிருந்தால் நான் சிரித்துப் போட்டு உடைத்திருப்பேன். அவர் கெஞ்சவில்லை. பேருந்தில் டிக்கெட் வாங்காமல் மாட்டிக்கொண்ட மனிதர் மாதிரி இருந்தது முகம். நான் மறுபடி தட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை பொறுக்க முடியவில்லை. கருவியில் ஏதாவது கோளாறோ, என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தனியாகப் போகிறாரோ என்று சந்தேகம். வீட்டில் சிகரெட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஏழரைக்கு நீர்த்தேக்கத்துக்குப் போனேன்.

அவர் பலகையடியில் இல்லை. கரையைச் சுற்றி அந்தப் பக்கம், தண்ணீர் ஆழமில்லாமல் ஒரு ஓரமாக உள்ளே நுழைகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே மேல்தண்ணீர் உறைந்து ஜன்னல் கண்ணாடி கனத்துக்குப் பனிக்கட்டி படிந்திருந்தது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகு. அத்தான் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, பனிக்கட்டி மேல் தட்டையாக வீசினார். கல் தத்தித் தத்திப் போனது. போகிற வழியெல்லாம் அந்தப் பனிக்கட்டி ஏதோ பறவை மாதிரி கீச்சிட்டது. சத்தம் எதிர்க்கரை வரை போய் நின்றது. அத்தான் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, என் நகைச்சுவைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்னொரு கல் எடுத்தார்.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். "அத்தான்" என்று கூப்பிட்டேன்.

அவர் கையிலிருந்த கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளை ஒளித்து வைக்கிற மாதிரி.

"அளவு எடுத்துட்டேன்" என்றார் முதலில். "பதிமூணு அறுபத்தெட்டு."

"யாருக்கு?"

அவர் படகின் மேல் உட்கார்ந்தார். "வீட்ல ரொம்பச் சத்தம், மச்சான். எனக்கு உங்க ஒவ்வொருத்தரையும் பிடிக்கும். எல்லாரையும் ஒண்ணாப் பிடிக்கல."

எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அது முக்கால்வாசி நான்தான். குளிக்கும்போது பாடுவது, விடிவதற்குள் ரேடியோவைத் திருகுவது, கூடத்தில் குறட்டை. அந்த மனிதர் குளிருக்கு ஓடி வந்தது என்னிடமிருந்து என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. காது சூடானது. சொல்லிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது, எப்படிச் சொல்வார். தனியாக இருக்க ஆசை என்று எங்கள் குடும்பத்தில் ஒருவர் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்.

"சொல்லிடாதே" என்றார். பிறகு பையிலிருந்து அக்கா கட்டிக் கொடுத்த பொட்டலத்தை எடுத்தார். இரண்டு அவித்த முட்டை, மிளகுத்தூள். வேலை செய்கிறவர் மட்டும் சாப்பிடலாம் என்பது அக்கா சட்டத்தில் ஒரு விதிவிலக்கு. ஒன்றை என்னிடம் நீட்டினார்.

நான் தின்றேன். நல்ல பசி.

அவருக்குப் பத்து நிமிடம் முன்னால் வீடு திரும்பினேன். வாசலருகே நாற்காலியில் அவருடைய மகள், அப்போது ஆறு வயது, ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்போம், இன்றைக்கும் அதுதான். கையில் ஒரு பிஸ்கட். என் மனைவி பரிதாபப்பட்டுத் திருட்டுத்தனமாகக் கொடுத்தது. அவள் அதைக் கடிக்காமல் பிடித்தே வைத்திருந்தாள், விளிம்பு விரல் சூட்டில் நொறுங்கியிருந்தது.

"சாப்பிடேன்டா" என்றேன்.

"அப்பா வந்ததும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "மாமா, மீசையில மஞ்சளா இருக்கு."

"மருந்து" என்று துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய பொய் சொல்லியிருக்கிறேன், எதுவும் இப்படிக் கூடவே வரவில்லை.

பிறகு ஒவ்வொரு வருடமும் அதே. அவர் அளவு எடுக்காமல் ஒரு தடவையும் வந்ததில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். யாரும் கேட்காத அந்த எண்ணை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தார். போய் அளவு எடுத்தேன் என்று சொல்வது மட்டுமாவது பொய்யாக இருக்கக் கூடாதாம். படி இறங்கி ஏறினால் பாவம் கொஞ்சம் கழியும் என்று நினைத்தாரோ என்னவோ.

பாப்பா பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ஆசிரியை அதைப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டிப் பரிசும் கொடுத்தார். அக்கா கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடையில் மாட்டிவிட்டாள். "எங்கள் அப்பா ஊருக்காகக் குளிரில் நிற்கிறார். அவர் வரும்வரை நாங்கள் சாப்பிடமாட்டோம்." குளியலறைக்கு எந்த வழியாகப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தடவை கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, கழற்றிவிடலாம் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். அக்கா புதுக் கண்ணாடி போட்டாள்.

மூன்று வருடம் முன்பு அவர் ஓய்வு பெற்றார். அத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன். டிசம்பர் வந்ததும் அத்தான் வாயைத் திறந்தார்: பழைய ஆள் என்ற மரியாதைக்காக அன்றைக்கு மட்டும் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். அக்காவுக்கே கொஞ்சம் இடித்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நிஜமாவாடா கூப்பிட்டாங்க?"

"ஆமாக்கா. அவர் கண்ணு மாதிரி மெஷினுக்கு வராதுன்னு பெரிய ஆபீசரே சொன்னார்."

பெரிய ஆபீசருக்கு அத்தான் முகமே தெரியாது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பெருமையில். நீர்த்தேக்கத்து வாசல் சாவியை வருடா வருடம் அவரிடம் கொடுத்ததும் நானே. இப்போது என் பங்கைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்குள் பாப்பா வளர்ந்து, ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்களின் போனை எடுக்கும் வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், அதிர்ந்து பேசாதவர். ஐந்து வயதில் ஒரு பெண், எங்களுக்குக் குட்டி. குட்டி பிறந்ததிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் காலையிலும் பாப்பா வீட்டில் இல்லை. அந்த ஷிஃப்டை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். கேட்டால் சிரித்துக்கொண்டு, "போனுக்கு ஏது லீவு" என்பாள். அத்தான் அப்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் மட்டும் தனியாக அக்கா வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவர் எங்கே? குட்டி எங்கே?" என்றாள் அக்கா.

"வரல. நாளைக்கு ஒன்பதரை பஸ்ல அவங்க அம்மா ஊருக்குக் கூட்டிட்டுப் போறார். ஜனவரியில குட்டியை அங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடறேன்னு சொல்றார்."

எங்கள் வீடு அமைதியாகி நான் பார்த்தது அன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இந்த வருடம் லீவு அவள் முறை. மேலதிகாரியே வீட்டில் இரு என்றிருக்கிறார். இவள் அதைக் கூட வேலை செய்கிற ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இந்தத் தடவை வாயைத் திறந்துவிட்டார். உனக்கு நாங்கள் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடு என்றிருக்கிறார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? அப்பா போகலையா? அம்மா, நீங்க ஒரு வருஷமாவது மூஞ்சியைத் தூக்கி வச்சீங்களா?"

"ஒரு நாளும் தடுத்ததில்ல" என்றாள் அக்கா. "உங்கப்பாவே சொல்லட்டும்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார், பிறகு திரும்ப நகர்த்தினார்.

"குட்டி சின்னப் பிள்ளைம்மா" என்றார்.

"நானும் சின்னப் பிள்ளையாத்தான் இருந்தேன். காத்திருக்கலையா? கெட்டா போயிட்டேன்?"

அத்தானும் நானும் வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். வெட்கம் கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தோம். பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காலைல நானும் உங்ககூட வர்றேன்ப்பா" என்றாள். "எட்டு மணிக்குத்தான் எனக்கு ஷிஃப்ட். எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. ஒரு தடவையாவது நீங்க செய்யறதைப் பார்த்துட்டுப் போனா எனக்குத் தெம்பா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட அவருக்கு அகப்படவில்லை. இத்தனை வருடம் பொய் சொன்னவருக்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

விடிகாலையில் மூன்று பேரும் போனோம். பாப்பா அவளுடைய ஸ்கூட்டரில், அத்தான் என் வண்டியில் பின்னால். வாசல் பூட்டு பனியில் இறுகியிருந்தது, சாவியைக் கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் திறந்தேன். அவருக்கு இப்போது முழங்கால் சரியில்லை. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். பாப்பா பின்னாலேயே இறங்கி, அவர் வழுக்கிவிடாமல் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் படிந்த வெள்ளைப் பனியை அவர் துணியால் துடைத்தார். தண்ணீர் ஆடவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றார்.

"பதினாலு இருபத்திரண்டு" என்றார்.

"பதினாலு இருபத்திரண்டு" என்று அவளும் மெதுவாகச் சொன்னாள், மனப்பாடம் பண்ணுகிற மாதிரி. மேலே வந்ததும் கேட்டாள். "இப்ப யாருக்குப்பா போன் பண்ணிச் சொல்லணும்?"

அத்தான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பழக்க தோஷம். உடனே குறுக்கே புகுந்தேன்.

"எங்கிட்ட சொன்னா போதும்டா. நான் ஆபீசுக்கு..."

"வேண்டாம், மச்சான்" என்றார் அத்தான்.

சுவரோரம் நான் பொருத்திய குழாயைக் காட்டினார். "யாருக்கும் சொல்ல வேண்டாம். அது சொல்லிடும். உனக்கு ஆறு வயசாகும்போதே அதை வச்சாச்சு. அதுக்கப்புறம் லீவு நாள்ல எனக்கு இங்க வேலை இல்ல. யாரும் கூப்பிடல. ரிடையர் ஆனப்புறமும் கூப்பிடல. எல்லாம் நான் சொன்ன பொய்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"தனியா இருக்க."

"எங்களை விட்டுட்டா?"

"ஆமா" என்றார். சுற்றி வளைக்கவில்லை. "நாலு மணி நேரம். வருஷத்துக்கு ஒரு தடவை. அதுல நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன், பாப்பா. அதைச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால டியூட்டின்னேன். நீங்க பெருமைப்பட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் எதிர்ப்பக்கம் கவிழ்ந்து கிடந்த படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முட்டை?" என்றாள்.

"அங்கதான் சாப்பிடுவேன். ஏழரை மணிக்கு. நீங்க பசியோட இருக்கீங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த நேரத்துக்கு அந்தத் தேக்கத்துக்குள் இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது.

"மாமா, உங்க மீசையில மஞ்சளா இருந்தது. அது மருந்து இல்லல்ல?"

"இல்லடா" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டி, மணி பார்த்தாள்.

"நான் போகணும்" என்றாள். "அங்க நிஜமாவே போன் அடிக்கும்."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து போகும்வரை அத்தான் அசையவில்லை. நான் அவரைப் படகுப் பக்கம் கூட்டிப்போகப் பார்த்தேன், கொஞ்சம் உட்காரட்டும் என்று. வரவில்லை. ஓரத்தில் பனிக்கட்டி அன்றைக்கு நன்றாகவே உறைந்திருந்தது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை பஸ் ஒன்பதரைக்குத்தானே?"

"ஆமா அத்தான்."

"வண்டியை எடு."

மருமகன் முன்னால் மாமனார் தலை குனிவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. வழியில் நான் அதைச் சொன்னேன். முதலில் அக்காவிடம் போவோம், பெரியவர்கள் யாரையாவது வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றேன். என் தோளைப் பிடித்திருந்த அவர் கை ஒரு தடவை இறுகியது.

மாப்பிள்ளை கதவைத் திறந்தபோது பின்னால் கட்டி வைத்த பெட்டி தெரிந்தது. குட்டி கோட்டும் ஷூவும் போட்டு மேசையருகே நின்றிருந்தாள். மேசையில் மூன்று தட்டு, மூடிய பாத்திரங்கள். மூன்று தட்டு வைத்துவிட்டுக் கிளம்புகிற மனிதரை என்ன சொல்வது.

"உள்ள வாங்க, மாமா."

"இல்ல மாப்பிள்ளை. இங்கேயே சொல்லிடறேன்."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கருவி வந்ததை, சுற்றறிக்கையை, கல் வீசியதை, முட்டையை. ஒன்றையும் விடவில்லை. என் பெயரை மட்டும் விட்டார். அதனால் நான் குறுக்கிட்டு என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

"தியாகம் அது இதுன்னு அவ தலையில ஏத்திவிட்டது நான்" என்றார். "என்னை மாதிரி ஆகணும்னுதான் அவ உங்களை விட்டுட்டுப் போறா. நான் அப்படி ஒரு ஆளே இல்ல. அவ மேல கோபப்படாதீங்க. கோபப்படணும்னா இதோ நிக்கிறேன்."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார், தொழிலே அதுதானே.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டுத்தான் வர்றேன்."

"அத்தைகிட்ட?"

"இன்னும் இல்ல. இன்னைக்குச் சொல்லிடுவேன்."

"முதல்ல எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?"

"பஸ் ஒன்பதரைக்கு" என்றார் அத்தான்.

மாப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஷிஃப்ட் எப்ப முடியும்?"

"ரெண்டு மணிக்கு."

மாப்பிள்ளை குனிந்து குட்டியின் ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். பாட்டி ஊருக்குப் போகவில்லையா என்று அவள் கேட்டாள். சாயங்காலமும் ஒரு பஸ் இருக்கிறது, அம்மா வரட்டும், பேசிவிட்டுப் பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. "உள்ள வந்து உட்காருங்க, குளிருது" என்றார் எங்களைப் பார்த்து.

உட்கார்ந்தோம். நான் அக்காவுக்குப் போன் பண்ணினேன். பின்னால் என் பிள்ளைகள் போட்ட கூச்சல் கேட்டது.

"காத்திருக்காதீங்கக்கா. எல்லாரும் சாப்பிடுங்க."

"அவர் வராமலா? டியூட்டி முடியலையா?"

"முடிஞ்சு போச்சு. அத்தானே வந்து சொல்வார்."

"அவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை பாத்திரத்தைத் திறந்து ஒரு தட்டில் பரிமாறப் போனார். குட்டி அந்தத் தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மூடினாள்.

"அம்மா வந்ததும் சாப்பிடலாம்ப்பா."

"ரெண்டு மணி ஆகும்டா. பசிக்குமே."

"பசிக்கட்டும்."

அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பாப்பா அந்தச் சட்டத்தை இந்த வீட்டுக்குக் கொண்டு வரவே இல்லை என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். அத்தான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அறுபத்தோரு வயது மனிதர், சத்தம் வராமல் அழுதார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

குட்டிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. அவர் பக்கத்தில் வந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"தாத்தா, பையில என்ன புடைச்சிட்டு இருக்கு?"

அவர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு முட்டை, மடித்த காகிதத்தில் மிளகுத்தூள்.

"நீங்க சாப்பிடலையா?"

"அம்மா வரட்டும்" என்றார் அத்தான்.

முட்டைகளை உருண்டு விழாமல் ஒரு தட்டில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் எட்டேகால் ஆகியிருந்தது. எனக்கு அப்போதே வயிற்றைக் கிள்ளியது. நான் யாரிடமும் சொல்லவில்லை.